மகிழ்ச்சியடைந்த பயனாளி

கட்கி, புனே.
ஞாயிறு, ஆராதனை முடிந்து, சாப்பாட்டுக்கு முன்.

அன்பும் மரியாதையும் மிக்க ஜோனாஸ் மச்சான் அவர்களுக்கு,

மனுவேல் எழுதுவது. இங்கே நானும் உங்கள் தங்கை ஷீலாவும் மகள் ரியாவும் ஆண்டவர் தயவில் சுகம். அங்கே உங்கள் சுகத்தையும், கிருபாவதி அக்காவின் முழங்கால் சுகத்தையும் தனித்தனியே அறிய ஆவல். நிற்க. முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன், பிறகு உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். ஐம்பத்து மூன்று வயதில், குளிர்சாதன அறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் நான், குடிக்கத் தண்ணீருக்கு வழியில்லாத ஏழைத் தொழிலாளியாக ஓர் அரசாங்கக் கோப்பில் இடம் பிடித்திருக்கிறேன். தலையில் துண்டு, கையில் டம்ளர், படத்துக்குக் கீழே ‘மகிழ்ச்சியடைந்த பயனாளி’ என்று அச்சு. இருபத்தாறு வருட சர்வீஸில் அரசாங்கம் என்னைப் பற்றி எழுதிய ஒரே நல்ல வார்த்தை அதுதான்.

பாளையங்கோட்டையில் நம் சபையின் அசன விருந்தன்று வாலிபர் கூட்டத்தில் ‘உண்மை பேசுதல்’ என்ற தலைப்பில் நான் பேச வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். ஷீலா உங்களிடம் போனில் பாதிக் கதையைத்தான் சொல்லியிருப்பாள்; மீதிப் பாதியில் அவள் பெருமைப்படும்படி ஒன்றுமில்லை. என்னை அறிமுகப்படுத்தி நாலு வார்த்தை பேச உங்களுக்கு வசதியாக இருக்கட்டும் என்று முழுவதையும் எழுதுகிறேன்.

நான் பார்க்கும் வேலை என்னவென்று கல்யாணத்தன்றே உங்கள் அப்பா கேட்டார், அன்றும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஒரு திட்டம் நடந்ததா என்று போய்ப் பார்த்து வருபவர் மதிப்பீட்டாளர். அவர் போனாரா என்று பார்ப்பவர் முதுநிலை மதிப்பீட்டாளர். அது நான். எங்கள் கண்காணிப்பு அலுவலகத்துக்கென்று நடத்தை விதிகள் உண்டு. அவற்றில் பதினோராம் விதி, யாருடைய வேலையை மதிப்பிடப் போகிறோமோ அந்த இடத்தில் ஒரு டம்ளர் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கக் கூடாது என்கிறது. புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகளுக்கு இந்த விதியை வருஷாவருஷம் வகுப்பெடுப்பவன் நான்தான். வீட்டிலிருந்து கொண்டுபோன பாட்டிலைத் தூக்கிக் காட்டி, “இதுதான் நம் சுதந்திரம்” என்பேன். பிள்ளைகள் கைதட்டும்.

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு மே மாதம். தளேகாவ் தொழிற்பேட்டைக்குப் பின்னால் முப்பத்திரண்டு வீடுகள் கொண்ட தொழிலாளர் குடியிருப்பு. அங்கே குடிநீர் சுத்திகரிப்பு இயந்திரம் வைத்திருப்பதாகச் சேதி வந்து பார்க்கப் போனேன். லோனாவாலா லோக்கல் ரயிலிலிருந்து இறங்கி, ஷேர் ஆட்டோவில் பாதியும் நடையில் பாதியுமாகப் போய்ச் சேர்வதற்குள் என் சுதந்திரம் தீர்ந்துபோயிற்று, பாட்டில் காலி. இயந்திரம் பளபளவென்று நின்றது. குழாயைத் திருகினால் காற்றுகூட வரவில்லை. பைப் இணைப்பு இன்னும் கொடுக்கவில்லையாம். அதைக் காவல் காக்கும் ராஜஸ்ரீ தாயி (இங்கே அக்காவைத் தாயி என்பார்கள்) வீட்டுக்குள் ஓடிப்போய்ச் செம்பும் டம்ளருமாக வந்தார். இந்த ஊரில் வாசலுக்கு வந்தவர் கையில் முதலில் தண்ணீர் கொடுத்துவிட்டுத்தான் பெயரே கேட்பார்கள், வேண்டாம் என்றால் சண்டைக்கு வந்தவன் என்று அர்த்தம். நான் பதினோராம் விதியை நினைத்தேன். அவர் இரண்டு கிலோமீட்டர் நடந்து தூக்கி வந்த குடத்தையும் நினைத்தேன். பிறகு ஒன்றும் நினைக்காமல் குடித்துவிட்டேன். மூன்று டம்ளர். பக்கத்தில் கான்ட்ராக்டரின் ஆள் ஒருவன் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தான். ஊரையெல்லாம் எடுத்தான், நான் பொருட்படுத்தவில்லை. ‘பைப் இன்னும் வரவில்லை’ என்று குறிப்பு எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்த கோப்புக்குப் போய்விட்டேன்.

போன மாதம் மறுமதிப்பீட்டுக்குக் கோப்பு வந்தது. ‘இயந்திரம் முழுமையாக இயங்குகிறது, ஆதாரம் இணைப்பு நான்கு’ என்றிருந்தது. மறுபடியும் போனேன், இந்தத் தடவை இரண்டு பாட்டிலோடு. அதே குழாய், அதே காற்றின்மை. ராஜஸ்ரீ தாயி இடுப்பில் குடத்தோடு நின்று மராத்தியில் கேட்டதன் சாரம் இதுதான்: “என்ன சாஹேப், போன தடவையும் எழுதிக்கிட்டுத்தானே போனீங்க? அந்தப் பேனாவுல மை இருந்துச்சா?”

அலுவலகம் திரும்பி இணைப்பு நான்கைப் பிரித்தேன். நகலுக்கு நகல் எடுத்துக் கரி பூசிய ஒரு படம். எங்கள் இணை இயக்குநர் கோகுல்நாத் கோயமுத்தூர்க்காரர், யாரையும் புண்படுத்தாமல் கழுத்தறுக்கத் தெரிந்தவர். படத்தை வாங்கிப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் படத்தைப் பார்த்தார்.

“ஏனுங்க மனுவேல், இது நீங்களாட்ட இருக்குதுங்களே?”

அதே கண்ணாடி, அதே தொந்தி, அதே துண்டு. “நான்தான் சார்” என்றேன்.

“தண்ணி குடிக்கிறீங்க.”

“குடிச்சேன் சார். ஆனா அது அந்தம்மா வீட்டுத் தண்ணி.”

“அதை யாருங்க நம்புவாங்க? மிஷின் முன்னாடி நின்னு குடிக்கிறீங்க. மிஷின் ஓடலைன்னு எழுதினா, முதுநிலை மதிப்பீட்டாளரே குடிச்சிருக்காரேன்னு கேப்பாங்க. வீட்டுத் தண்ணின்னு எழுதினா பதினோராம் விதி போச்சு. உங்க பிரமோஷன் ஃபைல் என் மேசை மேல இருக்குது பாருங்க. பேசாம ‘பகுதியளவில் இயங்குகிறது’ன்னு போட்டுட்டு டீ குடிக்கப் போவோமுங்க.”

‘பகுதியளவில் இயங்குகிறது’ எங்கள் அலுவலகத்தின் தேசிய கீதம் மச்சான். அதை எழுதினால் கோப்பு மூடிவிடும், எல்லாரும் எழுந்து நின்று மரியாதை செய்துவிட்டுக் கலைந்து போகலாம். முப்பத்திரண்டு வீட்டுக்காரர்களும் வழக்கம்போல இரண்டு கிலோமீட்டர் நடப்பார்கள்.

வீட்டுக்கு வந்து ஷீலாவிடம் சொன்னேன். உங்கள் தங்கை மீன் கழுவிக்கொண்டே தீர்ப்புச் சொன்னாள்: “குடிச்சீயளா இல்லியா? குடிச்சா குடிச்சேன்னு எழுதுங்க. ஓசித் தண்ணியக் குடிச்சிட்டு அந்தப் பொம்பளையவே நடக்க வைக்கீயளே, உங்களுக்கெல்லாம் பிரமோஷன் ஒரு கேடு!”

எழுதினேன். ‘இணைப்பு நான்கில் காணப்படும் மகிழ்ச்சியடைந்த பயனாளி, கீழே கையொப்பமிட்டுள்ள நானே. குடித்தது திருமதி ராஜஸ்ரீ வீட்டுக் குடத்துத் தண்ணீர். இயந்திரத்திலிருந்து ஒரு சொட்டும் வந்ததில்லை.’ இயந்திரம் இயங்கியதற்கு இருந்த ஒரே ஆதாரம் அந்தப் படம், அது என் ஒரு கையெழுத்தில் விழுந்தது. கோப்பு திறந்தது. உடனே எனக்கு விளக்கம் கேட்டு மெமோ வந்தது, பிரமோஷன் நிறுத்திவைக்கப்பட்டது, வகுப்பெடுக்கும் பொறுப்பை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். அவர் பாட்டில் என்னுடையதைவிடப் பெரியது. ஆனால் பத்தே நாளில் பைப் இணைப்பு வந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை ராஜஸ்ரீ தாயி போன் செய்து குழாய்ச் சத்தத்தை மட்டும் கேட்க வைத்தார். கோகுல்நாத்கூட லிஃப்டில் என் தோளைத் தட்டி, “நீங்க பெரிய மனுசனுங்க, இனி என் செக்‌ஷன்ல வேண்டாமுங்க” என்றார்.

ஆகவே மச்சான், தலைப்புக்குத் தகுதியான ஆள் நான்தான் என்பதைக் கூச்சத்தோடு ஒப்புக்கொள்கிறேன். சபை ஐயரவர்களிடம் சொல்லிவிடுங்கள், பேசுகிறேன். டிக்கெட் கீழ் பெர்த்தாக இருக்கட்டும். அக்காவுக்கு என் வாழ்த்தும் முழங்காலுக்கு என் ஜெபமும் சொல்லுங்கள். பிள்ளைகளை ஆண்டவர் என்னைப் போலவே ஆசீர்வதித்து, பிரமோஷனும் சேர்த்துக் கொடுப்பாராக.

இப்படிக்கு,
உங்கள் தங்கையின் கணவன்,
மனுவேல்

பி.கு: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் ஒரு சின்ன விஷயம். கூட்டத்தில் திரையில் காட்ட உதவுமே என்று அந்தப் படத்தின் கலர் மூலத்தைத் தேடிப் பிடித்து வாட்ஸப்பில் வரவழைத்து ஷீலாவிடம் கொடுத்தேன். விரலால் பெரிசாக்கிப் பார்த்தவள், “இது நீங்க இல்லியே. வேற யாரோ பாவம் தாகத்துல குடிக்காரு” என்கிறாள். அறிக்கை போய்விட்டது, தண்ணீரும் வந்துவிட்டது, இனி நான் அதை மறுத்து எழுதினால் குழாயை மூடினாலும் மூடிவிடுவார்கள். பேச்சின் தலைப்பை மட்டும் ‘குடிநீர்ச் சிக்கனம்’ என்று மாற்ற முடியுமா என்று ஐயரவர்களைக் கேட்டுப் பாருங்கள். படத்தில் இருப்பவருக்குத் துண்டுக்குக் கீழே நெற்றியில் சுருள்முடி விழுந்திருக்கிறது. என் நெற்றியில் கடைசியாக முடி விழுந்தது ரியாவின் ஞானஸ்நானத்தன்று. அவளுக்கு வருகிற மாதம் பத்தொன்பது.