துல்லியமான பாதி

என் சம்சாரத்துக்கு அவ்வப்போது நெஞ்சு தறிகெட்டுப் படபடக்கும். டாக்டர் எழுதிக் கொடுத்தது தினம் காலையில் அரை மாத்திரை. முழுசாகப் போட்டால் தலை சுற்றி விழுவாள். போடாவிட்டால் படபடப்பு வந்துவிடும். அரை போட்டால் என்னைத் திட்டுகிற அளவுக்குத் தெம்பாக இருப்பாள். தினமும் ஆஸ்பத்திரி மருந்து ஜன்னலில் டோக்கன் வாங்கி நிற்போம். மருந்துக்காரர் கட்டைவிரல் நகத்தால் பட்டென்று உடைத்து ஆளுக்குப் பாதி கொடுப்பார். பல வருஷமாக இதனால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்பது மேலிடத்தின் கவனத்துக்கு வரவே இல்லை.

புதிதாக வந்த கண்காணிப்பாளர் ஒரு நாள் இரண்டு பாதிகளையும் உற்றுப் பார்த்தார்.

"இது கொஞ்சம் பெரிசா இருக்கே?"

"இன்னிக்குப் பெரிசு வாங்கினவங்க நாளைக்குச் சிறுசு வாங்குவாங்க சார். சரியாப் போயிடும்."

"பாதின்னா பாதி. அதுல என்னய்யா பெரிசு சிறுசு?"

நகம் உடனடியாகத் தடை செய்யப்பட்டது. 'மாத்திரை சமபங்கீட்டுக் கருவி' வரவழைக்கப்பட்டு, ரிப்பன் வெட்டித் திறந்து வைக்கப்பட்டது. கத்தரிக்கோல் என்னுடையது, ஆஸ்பத்திரிக்கு எதிரே தையல் கடை வைத்திருக்கிறேன். ரிப்பன் கோணலாகத்தான் வெட்டுப்பட்டது. அதை யாரும் அளக்கவில்லை.

கருவி மாத்திரையைச் சமமாகத்தான் வெட்டியது, பொய் சொல்லக் கூடாது. ஆனால் இரண்டு பாதியையும் சேர்த்து எடை போட்டபோது முழு மாத்திரையைவிடத் துளி குறைந்தது.

"மீதி எங்கய்யா?"

"பொடியாப் போச்சு சார். பிளேடுல ஒட்டியிருக்கும்."

அவ்வளவுதான். பிளேடு சாட்சிப் பொருளாக உறையில் போட்டு அரக்கு முத்திரை வைக்கப்பட்டது. காணாமற்போன பொடி குறித்து மூன்று நாளுக்குள் விளக்கம் தருமாறு மருந்துக்காரர் கேட்டுக்கொள்ளப்பட்டார். தும்மியபோது பறந்திருக்கலாம் என்று எழுதினார் மனுஷன். தும்முவதற்கு முன் அனுமதி பெறப்பட்டதா என்று பதில் வந்தது.

நகமும் கூடாது, கருவியில் பிளேடும் இல்லை. எனவே, நிலைமையை ஆழ்ந்து பரிசீலித்து ஓர் ஆணை பிறந்தது: ஒற்றைப்படை டோக்கனுக்கு முழு மாத்திரை, இரட்டைப்படைக்கு ஒன்றும் கிடையாது. சராசரி துல்லியமாக அரை.

என் சம்சாரத்துக்கு அடுத்த மூன்று நாளும் இரட்டைப்படையே வந்தது. மூன்றாம் நாள், பதினாலாம் நம்பரோடு, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண்காணிப்பாளர் அறைக்குள் புகுந்து கத்தினேன்.

"ஐயா, அவளுக்கு நெஞ்சு அடிச்சுக்குதுய்யா!"

"பதிமூணாம் நம்பருக்கு நேத்துப் போட்ட முழுசுல இன்னும் தலை சுத்துது. ரெண்டு பேரையும் சேர்த்துப் பாருங்க, நல்லாத்தான் இருக்காங்க."

அப்போதுதான் எனக்கு மூளை வேலை செய்தது. பதிமூணாம் நம்பர்காரரைக் கடைக்கு இழுத்து வந்து, அன்று அவர் வாங்கி இன்னும் போடாத மாத்திரையைக் கத்தரிக்கோலால் ஒரே வெட்டு. ஆளுக்குப் பாதி. சாயங்காலமே சம்சாரம் என்னைத் திட்ட ஆரம்பித்தாள். அப்பாடா என்றிருந்தது.

விஷயம் பரவியது. மறுநாளிலிருந்து ஒற்றையும் இரட்டையும் ஜோடி ஜோடியாக வந்தார்கள். "அவருக்குப் பெரிசு, எனக்குச் சிறுசா?" என்று சண்டை வந்தது. நான் இஞ்சு டேப்பை எடுத்தேன். கூட்டம் நெருக்கியது, டோக்கன் போட்டேன். "வெட்டினப்போ உதிர்ந்த பொடி எங்கங்க?" என்று ஒருத்தர் கேட்டார். "எழுதிக் குடுங்க, பார்க்கலாம்" என்றேன். அந்த வார்த்தை என் வாயில் எப்படி வந்ததென்று சத்தியமாகத் தெரியாது.

நேற்று சம்சாரம் வரிசையைத் தாண்டி நேராக வந்து கை நீட்டினாள்.

"டோக்கன் எங்க?" என்றேன்.

ஒரு முறை முறைத்தாள் பாருங்கள்! பதிமூணாம் நம்பர்காரர் கையிலிருந்த மாத்திரையைப் பிடுங்கி, கட்டைவிரல் நகத்தால் பட்டென்று உடைத்தாள். ஒன்றைத் தன் வாயில் போட்டுக்கொண்டு மற்றதை அவர் கையில் வைத்தாள்.

அங்கே நின்ற அத்தனை பேருக்கும் ஆளுக்கு இரண்டு கட்டைவிரல் இருந்தது.

"அட, அந்தம்மா என்னமா உடைக்குது!" என்று வரிசை மொத்தமும் என்னை விட்டுவிட்டு அவள் முன்னால் போய் நின்றது. நானும் பின்னாலேயே ஓடினேன். டோக்கன் கொடுக்க ஓர் ஆள் வேண்டாமா?