மலையும் மாமாவின் காதும்

என் அக்கா கல்யாணத்தில், சரியாக முகூர்த்த நேரத்தில், நான் எடுத்த படங்கள் அறுபத்திரண்டு. அதில் அறுபத்தொன்று மலை. மீதி ஒன்று ஒரு காது. இதை நான் இப்போது சிரித்துக்கொண்டே சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். வீட்டில் எல்லோரும் சிரிக்கிறார்கள், நானும் சேர்ந்து சிரிக்கிறேன், அவ்வளவுதான்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. ஓசூரில் வண்டி உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை. (அடுத்தவன் செய்ததில் குறை கண்டுபிடிப்பதற்குச் சம்பளம். எனக்குப் பிறவியிலேயே வந்த கலை.) கூட வேலை பார்த்த ஒருவர் ஊர் மாறிப் போகும்போது அவருடைய பழைய கேமராவை வாங்கினேன். அதோடு சனியனும் கூடவே வந்து சேர்ந்தது.

கேமரா வந்த பிறகு ராத்திரி பகலாக வீடியோ பார்த்தேன். எல்லாம் பனிமலை வீடியோ. சூரியன் எழும் அந்தப் பத்து நிமிடம் மலையுச்சி மட்டும் தங்க முலாம் பூசியது போல எரியும், கீழே எல்லாம் நீலமாக இருட்டிக் கிடக்கும். அதற்குக் கோல்டன் ஹவர் என்று பெயர். நான் அதுவரை பார்த்த பனி எங்கள் வீட்டு ஃபிரிட்ஜின் மேல்தட்டில் இருந்ததுதான். ஆனாலும் மனசுக்குள் நான் பெரிய மலைப் படக்காரன். இமயமலைக்குப் போக லீவு கிடைக்காததால், சூளகிரி மலையை இமயமலையாக நியமித்துக்கொண்டேன்.

பதினோரு ஞாயிற்றுக்கிழமை, ஓசூரிலிருந்து விடியற்காலையில் பைக்கில் போய் அந்த மலைக்கு முன்னால் நின்றிருக்கிறேன். ஒரு நாள் மேகம், ஒரு நாள் பனிமூட்டம், ஒரு நாள் ஹைவேயில் போன லாரிகளின் புகை. ஒரு நாள் எல்லாம் சரியாக இருந்தது, கேமராவில் சார்ஜ் இல்லை. அந்த மலைக்கும் எனக்கும் ஏதோ பங்காளிச் சண்டை என்றே நினைத்துக்கொண்டேன்.

இந்த நிலைமையில்தான் அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளைக்கு சாமல்பட்டி. ஓசூரிலேயே வேறொரு கம்பெனியில், தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்பில் வேலை. அதிகம் பேசமாட்டார். கல்யாணம் தை மாதம், காலை ஆறு மணியிலிருந்து ஏழரைக்குள், சூளகிரி மலை அடிவாரத்தில் இருக்கும் ஒரு சின்னக் கோயிலில். கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. எல்லோரும் அக்கா மேல் எனக்கு இருந்த பாசம் என்று நினைத்தார்கள். "போட்டோகிராபரே வேண்டாம், நானே எடுக்கறேன்" என்றேன். அக்கா என் முகத்தைப் பார்த்தாள்.

"தாலி கட்டறத மட்டும் ஒழுங்கா எடுத்துருவியாடா?"

"என்னக்கா இப்படிக் கேக்கற!"

ஒழுங்காக எடுக்க வேண்டியதற்கு ஒரு காரணம் இருந்தது. மாப்பிள்ளையின், அதாவது மாமாவின் அம்மாவால் கல்யாணத்துக்கு வர முடியாது. மாட்டுக்கொட்டகையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, கட்டிலோடு கிடந்தார். மாமா ஒரே பிள்ளை, அப்பா இல்லை. கல்யாணத்தைத் தள்ளி வைக்கலாம் என்று எல்லோரும் சொன்னார்கள். அத்தைதான் ஒப்புக்கொள்ளவில்லை. "குறிச்ச தேதிய என்னால மாத்துனாங்கன்னு பேரு வேணாம். நான் இங்கயே பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டார்.

கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்பு அவரைப் பார்க்கப் போயிருந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டார். "கண்ணு, என் பையன் தாலி கட்டறத நான் பாக்கணும். அது ஒண்ணுதான் எனக்கு." நான் நெஞ்சில் கை வைத்து, "அத்தை, நேர்ல பாத்த மாதிரியே காட்டறேன்" என்றேன். அந்த வாக்கியத்தை இன்று நினைத்தாலும் எனக்குக் காது சூடாகிறது.

கல்யாண நாள். தையிலும் அன்று பனிமூட்டம் இல்லை. வானம் துடைத்து வைத்தது போல இருந்தது. நண்பனிடம் இரண்டு நாளுக்கு இரவல் வாங்கிய, முழங்கை நீளத்துக்கு ஒரு ஜூம் லென்ஸ் என் பையில். கோயில் மண்டபம் தாழ்வான கல் மண்டபம். பெண்ணும் மாப்பிள்ளையும் கிழக்கே பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால்தான் மலை. ஆனால் மண்டபக் கூரை மறைத்தது. முற்றத்தில் இறங்கி நாலடி தள்ளி நின்றால் உச்சி தெரியும். இதை வந்தவுடனேயே கவனித்து வைத்துவிட்டேன். (பெண்ணுக்கு மூக்குத்தி எந்தப் பக்கம் என்று கேட்டிருந்தால் தெரிந்திருக்காது.)

அடுத்து ஒரு காரியம் செய்தேன். வெளிநாட்டு வீடியோ ஒன்றில், கல்யாணத்தில் விருந்தாளிகள் ஃபோனைத் தூக்கிப் பிடித்தால் படம் கெட்டுவிடும், அதனால் முதலிலேயே வாங்கி வைத்துவிட வேண்டும் என்று ஒருவர் சொல்லியிருந்தார். அதைக் கடைப்பிடித்தேன். ஒரு மஞ்சள் பையை எடுத்துக்கொண்டு வரிசையாகப் போனேன். "சைலன்ட்ல போட்டுப் பையில போடுங்க. முகூர்த்தம் முடிஞ்சதும் தர்றேன்." கோயில் உண்டியலுக்குக்கூட அவ்வளவு அதட்டலாக யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். பெண்ணின் தம்பி என்பதால் மரியாதைக்குப் போட்டார்கள்.

ஒருவர் மட்டும் தயங்கினார். மாமாவோடு வேலை பார்க்கும் மஞ்சுநாத். அத்திப்பள்ளிக்காரர், கன்னடம் கலந்த தமிழ்.

"ப்ரோ, நான் மாப்பிள்ளையோட அம்மாக்கு வீடியோ கால் போடறேன்னு சொல்லியிருக்கேன். ஒரு ஓரமா நிக்கறேன், பிளீஸ்."

"மலையடிவாரத்துல டவர் எங்கங்க கெடைக்கும்? கட் ஆகிக் கட் ஆகி அவங்களுக்குத்தான் கஷ்டம்."

"டவர் இருக்கு ப்ரோ, பாருங்க..."

"நான் போட்டோ எடுக்கறேன்ல? அத்தைக்கு வாக்கு குடுத்திருக்கேன். நீங்க நடுவுல ஃபோன நீட்டுனா எல்லாம் போச்சு."

அவர் மாமாவைத் திரும்பிப் பார்த்தார். மணமேடையில் உட்கார்ந்திருக்கும் மாப்பிள்ளை என்ன சொல்ல முடியும்? மஞ்சுநாத், "ஆகலி, ஆகட்டும், நீங்க சொல்றீங்க" என்று ஃபோனைப் பையில் போட்டார். பையை மண்டபத் தூணில் இருந்த ஆணியில் மாட்டினேன். பெரிய நிர்வாகி என்ற நினைப்பு எனக்கு.

ஐயர் மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தார். சாவகாசமாகச் சொல்லும் ரகம். நடுவில் நெய் எங்கே, மாவிலை எங்கே என்று தெலுங்கில் யாரையோ கேட்டுக்கொண்டிருந்தார். தாலி கட்ட எப்படியும் கால் மணி நேரம் ஆகும் என்று தோன்றியது. முற்றத்தை எட்டிப் பார்த்தேன்.

மலை எரிந்துகொண்டிருந்தது.

பதினோரு வாரம் முகம் காட்டாத மலை. உச்சிப் பாறை மட்டும் செக்கச் செவேல் என்று பொன்னாக, மடிப்புகளில் கரு நீலம், அதற்கு மேலே ஒரு பருந்து வேறு. இரண்டே படம், உடனே திரும்பிவிடலாம் என்று இறங்கினேன். சின்ன லென்ஸைக் கழற்றி, பத்திரமாக இருக்கட்டும் என்று படியில் இருந்த வரிசைத் தட்டில் தேங்காய்க்கும் வெற்றிலைக்கும் நடுவே வைத்தேன். பெரிய லென்ஸை மாட்டினேன். அதற்குப் பிறகு எனக்கு நேரம் என்பதே ஞாபகத்தில் இல்லை. குத்துக்காலிட்டு எடுத்தேன், ஒற்றைக்கால் மடக்கி எடுத்தேன், மாப்பிள்ளை வீட்டார் வந்த வேனின் படியில் ஏறி நின்று எடுத்தேன்.

திடீரென்று காது கிழிய மேளம். கெட்டிமேளம்!

ஓடினேன். அதற்குள் மண்டபத்தில் எல்லோரும் எழுந்து அட்சதை போட ஆரம்பித்திருந்தார்கள். என் முன்னால் முதுகுகளால் ஆன ஒரு மதில். சின்ன லென்ஸ் இருந்த தட்டு படியில் இல்லை. (ஐயர் அதைச் சாமி பாதத்தில் வைத்துப் பூஜை செய்திருந்தார் என்பது பின்னால் தெரிந்தது. லென்ஸுக்குக் குங்குமமும் வைத்திருந்தார்.) கையில் முழங்கை நீள ஜூம். அதில் பத்தடி தூரத்தில் இருப்பவரின் முகத்தைக்கூட முழுதாகப் பிடிக்க முடியாது. இரண்டு தலைகளுக்கு நடுவே ஒரு சந்து தெரிந்தது. அதற்குள் லென்ஸை நுழைத்து அமுக்கினேன். ஒரே ஒரு கிளிக். மேளம் நின்றுவிட்டது.

திரையில் பார்த்தேன். மாமாவின் இடது காது. அற்புதமான தெளிவு, மேலே ஒட்டிய மஞ்சள் அரிசி ஒன்று உட்பட. தாலி இல்லை, அக்கா இல்லை.

எங்கள் கம்பெனியில் பீஸ் சரியில்லை என்றால் ரீவொர்க் என்று ஒன்று உண்டு. மறுபடி மெஷினில் ஏற்றிச் சரிசெய்துவிடலாம். அந்தப் பழக்கத்தில், யோசிக்காமல், மேடைக்குப் போய்க் குனிந்து கேட்டேன்: "மாமா, படத்துக்காக இன்னொரு தடவை கட்ட முடியுமா?"

ஐயர் மந்திரத்தை நிறுத்தினார். சுற்றி நின்ற பெண்கள் வாயில் கை வைத்தார்கள். அக்கா தாலியைக் கையால் பொத்திக்கொண்டாள். "கட்டுன தாலிய அவுக்கச் சொல்றியாடா, பாவி!" என்று அம்மா தலையில் ஒரு கொட்டு வைத்தாள். கேமரா கழுத்தில் தொங்க, முப்பது பேர் முன்னால் வாங்கிய கொட்டு. அதன் பிறகு நான் எடுத்த குரூப் போட்டோக்களில் அத்தனை பேரும் என்னையே முறைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஃபோன்களைத் திருப்பிக் கொடுத்தேன். மஞ்சுநாத் தன்னுடையதைப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். டவர் முழுசாக இருந்தது. சாமல்பட்டியிலிருந்து ஒன்பது மிஸ்டு கால்.

மதியம் எல்லோரும் வேனில் சாமல்பட்டி போனோம். கிருஷ்ணகிரி தாண்டும் வரை என்ன பொய் சொல்லலாம் என்று யோசித்தேன். மெமரி கார்டு பழுது, மின்வெட்டு (கேமராவுக்கு!), கண்ணில் தூசி. எதுவும் தேறவில்லை.

அத்தை கட்டிலில் தலை சீவி, பூ வைத்து, பட்டுப்புடவையைப் போர்வை போல மேலே போர்த்திக்கொண்டு கிடந்தார். தலைமாட்டில் ஒரு சொம்பு, அதில் சாய்த்து வைத்த ஃபோன். பக்கத்து வீட்டு அம்மா சொன்னார்: "விடியறதுக்கு முன்னாடி தலை வாரிவுடச் சொல்லி, அப்பத்துலேர்ந்து அந்த ஃபோனையே பாத்துகினு கெடந்துச்சு."

அத்தை பொண்ணையும் பிள்ளையையும் ஆசீர்வதித்தார். பிறகு மஞ்சுநாத்தைக் கேட்டார்: "ஃபோன் பண்றன்னியே தம்பி. டவரு கெடைக்கலியா?"

என்னைப் பார்க்காமல் இருக்க எல்லோரும் பெரும்பாடு பட்டார்கள். நான் சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன்கூட. அதற்குள் மாமா, "ஆமாம்மா, டவர் கெடைக்கல" என்றார். நான் வாயை மூடிக்கொண்டேன்.

"சரி, கண்ணு எடுத்திருக்கும் பாரு. காட்டு கண்ணு."

கேமராவைக் காட்டினேன். மலை. அடுத்தது மலை. "மலை நல்லாருக்கு சாமி. அடுத்தது?" மலை. இருபது மலை தாண்டியதும் பொத்தானை வேகவேகமாக அமுக்கினேன். கடைசியாகக் காது வந்தது. அத்தை கேமராவைக் கண்ணருகே வாங்கினார்.

"இது எம்புள்ள காதுதான்" என்றார். "மேல பிசிறு தெரியுது பாரு. மாங்கா திருடப் போயி முள்ளுக்கம்பில கிழிச்சுகினு வந்தான். எத்தினி வாட்டி திருவியிருப்பன் இத." திரையில் அந்தக் காதை விரலால் தடவினார். "தாலி கட்டறப்ப எடுத்ததா?"

"ஆமா அத்தை."

"போதும் கண்ணு. பாத்துட்டன். இத மட்டும் கழுவிக் குடு."

கழுவிக் கொடுத்தேன், சட்டம் போட்டு. கட்டிலுக்கு எதிர்ச் சுவரில் மாட்டிக்கொண்டார். வருகிறவர்களிடம் எல்லாம், "எம்புள்ள தாலி கட்டறப்ப எடுத்தது" என்று காட்டினாராம். பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ. மலைப் படங்களில் ஒன்றை ஒரு வேகத்தில் கம்பெனியின் அடுத்த வருஷக் காலண்டர் போட்டிக்கு அனுப்பித் தொலைத்திருந்தேன். அது தேர்வாகி ஜனவரிப் பக்கத்தில் அச்சாகி, அந்த மாதம் முழுக்கக் கேன்டீனில் அதற்கு நேர் கீழே உட்கார்ந்து சாப்பிட்டேன்.

அத்தையிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று நாலைந்து முறை சாமல்பட்டி போனேன். ஒவ்வொரு முறையும் அவர் டீ போடச் சொல்லுவார், நான் குடித்துவிட்டு வந்துவிடுவேன். அடுத்த ஆடியில் அத்தை போய்விட்டார்.

போன மாதம் அக்கா மகளுக்கு அதே கோயிலில் காது குத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும் என்பதால், என் கைக்குக் கேமரா எட்டவே வழியில்லை. அந்தச் சம்பிரதாயம் எனக்காகவே வைத்தது என்று அம்மா சொன்னாள். வாடகைக்கு வந்த போட்டோகிராபர், பாவம், ஒன்றும் தெரியாத பையன், "சார், அப்படியே கொஞ்சம் முற்றத்துக்கு வர்றீங்களா? பின்னாடி மலை சூப்பரா தெரியுது" என்றான்.

மொத்தக் குடும்பமும் ஒரே குரலில் கத்தியது: "மொதல்ல காத எடுப்பா!"

பையன் மிரண்டு போனான். எல்லோரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். எங்கள் வீட்டில் இனி எந்த விசேஷத்திலும் இது ஓயப் போவதில்லை.

சிரிப்பு அடங்கியதும் மாமா என் பக்கத்தில் உட்கார்ந்தார். குழந்தை என் சட்டையில் மூக்கைத் துடைத்து அழுதுகொண்டிருந்தது. குத்திய காதில் புதுத் தோடு. என்னையறியாமல் சொல்லிவிட்டேன்:

"மாமா, அன்னிக்கு டவர் இருந்துச்சு, நான்தான் ஃபோன வாங்கி வெச்சேன்னு அத்தைகிட்ட கடைசி வரைக்கும் சொல்லாமயே விட்டுட்டேன்."

மாமா குழந்தையின் தோட்டைச் சரிசெய்தபடி சொன்னார்.

"அம்மாக்குத் தெரியும் மச்சான். ஒம்பது தடவ ரிங்கு போச்சே. டவர் இல்லன்னா எப்படி ரிங்கு போகும்?"