சபரி மாமா வீட்டு மாடும் சுவரில் எழுதிய ஐந்து ஷிப்புகளும்

பிரிட்ஜ்வாட்டர், நியூ ஜெர்சி
வைகாசி, ஞாயிற்றுக்கிழமை

மதிப்பிற்குரிய பெரியப்பா வெங்கடாசலம் அவர்களின் சமூகத்துக்குத் தங்கள் தம்பி மகள் யாமினி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இவ்விடம் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். முழங்கையில் கட்டுப் போட்டிருப்பதால் அந்தப் பொய்யை எழுதக் கை வரவில்லை. தாங்களும் பெரியம்மாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பெரியம்மா சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறார்களா, இல்லை இன்னமும் வெந்தயத் தண்ணீரிலேயே காலத்தை ஓட்டுகிறார்களா?

போன் இருக்கும்போது ஏன் தபால் என்று கேட்பீர்கள். நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு அட்மின் யார்? சபரிநாதன் மாமா. நான் எழுதப் போவதும் அவரைப் பற்றித்தான். டெக்சாஸில் படிப்பை முடிக்கும் தம்பி மகிழனை அவர் கம்பெனியில் சேர்க்கலாமா, ஒளிக்காமல் சொல் என்று போன மாதம் கேட்டீர்கள். கேட்கும்போதே, "உங்க பெரியம்மாவுக்கு ஒண்ணுவிட்ட தம்பி, நம்ம ஆளு, கைவிட மாட்டான்" என்று நீங்களே தீர்ப்பையும் எழுதிவிட்டீர்கள். ஆனாலும் கேட்டீர்கள். சொல்கிறேன். வேண்டாம்.

காரணம் சொல்ல வேண்டும் அல்லவா? எங்கள் அலுவலகத்தில் நுழைந்ததும் ஒரு நீலச் சுவர். அதில் ஆள் உயரத்துக்கு ஐந்து ஆங்கிலச் சொற்கள்: லீடர்ஷிப், ஓனர்ஷிப், பார்ட்னர்ஷிப், ஃப்ரெண்ட்ஷிப், ஸ்டீவர்ட்ஷிப். இவைதான் கம்பெனியின் விழுமியங்களாம். திங்கட்கிழமைதோறும் அதன்முன் நின்று பள்ளிப்பிள்ளைகள் போல ஒப்பிக்க வேண்டும். அகராதியில் அவற்றுக்கு ஒரு பொருள். மாமாவிடம் வேறு பொருள். நாங்கள் ராத்திரியெல்லாம் விழித்துச் செய்ததைக் காலையில் வாடிக்கையாளரிடம் அவர் தன் வாயால் சொன்னால் அது லீடர்ஷிப். பார்ட்னர்ஷிப் லாபம் வரும் வருடத்தில் தூங்கும், நஷ்டம் வரும் வருடத்தில் எழுந்து வந்து எங்கள் போனஸைத் தின்னும். ஃப்ரெண்ட்ஷிப் என்றால் சனிக்கிழமையும் வா. ஸ்டீவர்ட்ஷிப் என்ன என்று வெகுநாள் யாருக்கும் தெரியவில்லை, கழிப்பறையில் கை துடைக்கும் காகிதத்தைப் பாதியாகக் குறைத்தபோது அதுதான் இது என்று அறிவித்தார். ஓனர்ஷிப் இருக்கிறதே, அது பழி. ஒரு வேலை நன்றாக முடிந்தால் அதைச் செய்தது டீம். கெட்டுப்போனால் அதற்கு ஓர் ஓனர் உண்டு.

சுவரில் எழுதாத ஆறாவது ஒன்றும் இருக்கிறது. ஸ்பான்சர்ஷிப். அதற்குப் பொருள் கயிறு. என் கிரீன் கார்டுக்கு மாமா கம்பெனி மனுப் போட வேண்டும். கேட்டால், "அடுத்த குவார்ட்டர் கண்டிப்பா போட்டர்லாம் அம்மிணி" என்பார். ஆபீசில் எல்லாரும் அவரைச் சபரி என்று பேர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும், அமெரிக்கா அல்லவா, சமத்துவம். அம்மிணி என்று அவர் கூப்பிட்டால் மட்டும் ஏதோ வேலை வைக்கப் போகிறார் என்று அர்த்தம். ஒரு மருத்துவமனையின் கணினிப் பிரிவில் எனக்கு வேறு வேலை கிடைத்திருந்தது. அதற்குப் பதில் சொல்லாமல் நான் இழுத்தடித்ததற்கும் இந்தக் கயிறுதான் காரணம். விட்டுப்போனால் மாமா மனுவே போட மாட்டார் என்ற பயம்.

இப்போது மாட்டுக்கு வருகிறேன். போன ஞாயிறு மாமாவின் புது வீட்டுக் கிரகப்பிரவேசம். வீடியோவில் நீங்களும் பார்த்திருப்பீர்கள், முதல் பாதியை மட்டும். இங்கே பசுவும் வாடகைக்குக் கிடைக்கும் பெரியப்பா. ஒரு மணி நேரத் தொலைவில் டெபி என்ற அம்மாள் பண்ணை வைத்திருக்கிறார். வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து, வீட்டுக்குள் ஒரு சுற்றுச் சுற்ற விட்டு, திரும்ப ஏற்றிப் போய்விடுவார். மாமா ஃப்ரீவேயில் கார் ஓட்டிக்கொண்டே என்னை அழைத்தார்.

"அம்மிணி, மாட்டு விஷயத்துக்கு நீதான் ஓனர்ஷிப். நீ கோபிக்காரப் பொண்ணு, மாடெல்லாம் பழக்கம் இருக்குமில்ல?"

"இல்லீங்க மாமா. எனக்கும் மாட்டுக்கும் பால் பாக்கெட்டோட சரி."

"அதெல்லாம் ரத்தத்துலயே இருக்கும் கண்ணு. அப்புறம் அந்த டவுன்ஷிப்புக்கு பர்மிஷன் கேட்டு உன் ஈமெயில்லருந்தே ஒரு மெயில் தட்டி உட்ரு. நான் டிரைவ் பண்ணிட்டிருக்கேன்."

டவுன்ஷிப் என்றால் இங்கே நம்மூர் நகராட்சி மாதிரி. தட்டிவிட்டேன், என் பெயரில். பதில் வரவில்லை. பதில் வராவிட்டால் சம்மதம் என்று மாமா முடிவு செய்தார். அவர் மகள் ஓவியா மட்டும், "டாட், தட்ஸ் நாட் ஹவ் இட் ஒர்க்ஸ்" என்றாள். பன்னிரண்டு வயதுக்காரி சொன்னால் யார் கேட்பது?

அன்றைக்கு வேலை செய்ய ஆபீசே வந்திருந்தது, ஃப்ரெண்ட்ஷிப். பிரீத்திக்கு இட்லித் தட்டு. சாய்ராம் அண்ணனுக்கு ஆரஞ்சுச் சட்டை மாட்டி வாசலில் கார் நிறுத்தும் வேலை. சாய்ராம் அண்ணன் எங்களில் மூத்தவர், கம்பெனி ஆரம்பித்த நாளிலிருந்து இருப்பவர். அவர் செய்யாத வேலை இல்லை, அவரை உட்கார வைத்து மாமா வீட்டில் ஒருநாளும் இலை போட்டதும் இல்லை. ஏன் என்று கேட்காதீர்கள், உங்களுக்கே தெரியும். நம்ம ஆளு என்று சொல்லும்போது நீங்கள் குரலைக் கொஞ்சம் தாழ்த்துவீர்கள் பாருங்கள், அதற்குத்தான் அர்த்தம் இது. அதுவும் ஒரு ஷிப்தான். சுவரில் எழுத வெட்கப்பட்டு விட்டுவிட்டார்கள். கோபப்படாதீர்கள், மேலே படியுங்கள்.

முகூர்த்த நேரத்துக்கு டெபி வந்தார். பசு சாது. பேர் மேபல். ஐயர் மஞ்சள் பூச நெற்றியைக் காட்டிக்கொண்டு நின்றது. எல்லாம் சரியாகத்தான் போயிருக்கும், மாமா டெபியைத் தள்ளி நிற்கச் சொல்லாமல் இருந்திருந்தால். வெள்ளைக்கார அம்மாள் வீடியோவில் வந்தால் டிரெடிஷனலாக இருக்காதாம். பட்டுப் புடவை கட்டிய நான் பிடித்தால் அம்சமாக இருக்குமாம். டெபி, "ஆர் யூ ஷ்யூர், ஹனி?" என்று என்னைப் பார்த்துக் கேட்டுவிட்டுத்தான் கயிற்றைத் தந்தார். நான் ஷ்யூர் என்று சொல்லவில்லை. எனக்குப் பதிலாக மாமா சொன்னார். அடுத்த நிமிடம் தலைக்கு மேல் ட்ரோன் வந்தது, மாமா ஸ்பெஷலாக ஏற்பாடு செய்த ட்ரோன், தேனீக்கூடு கலைந்த மாதிரி இரைச்சல், மேபல் அண்ணாந்து பார்த்தது, அப்புறம் எனக்குத் தெரிந்ததெல்லாம் புல்லும் வானமும் மாறி மாறி வந்ததுதான். கயிற்றை விட்டுத் தொலைச்சிருக்கலாம், கைல ரெண்டு சுத்துச் சுத்தி வெச்சிருந்தேன், ஓனர்ஷிப் ஆச்சே! இழுத்துக்கிட்டே போயிருச்சு பெரியப்பா. பக்கத்து வீட்டு வேலியோரத்துல பூச்செடி, அதைத் தாண்டி அவங்க பேரனுக்குப் பர்த்டே பார்ட்டி, பலூன், மேஜை, மேஜை மேல கேக். சாய்ராம் அண்ணன் ஆரஞ்சுச் சட்டையோட குறுக்க விழுந்து கயித்தைப் பிடிச்சப்ப மேபல் கேக்கை முடிச்சிட்டு சாலட்டுக்கு வந்திருந்துச்சு. குழந்தைகள் எல்லாம் கை தட்டுகிறார்கள். அந்த வீட்டுத் தாத்தா போலீசைக் கூப்பிட்டுவிட்டார்.

கூப்பிட்டவரே ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டு, தண்ணீர் கொடுத்து, என்னை உட்காரச் சொன்னார். அன்று முழுக்க என்னை உட்கார் என்று சொன்ன முதல் மனிதர் அவர்தான்.

போலீஸ்காரர் வந்து, இந்த மாட்டுக்கு யார் பொறுப்பு என்று கேட்டார். மாமா பட்டு வேட்டியை இறுக்கிக்கொண்டு முன்னால் வந்து, "ஆபீசர், யாமினி ஹேஸ் கம்ப்ளீட் ஓனர்ஷிப். ஈவன் தி ஈமெயில் ஷி ஒன்லி சென்ட்" என்று என்னைக் காட்டினார். பிறகு என் பக்கம் குனிந்து தமிழில் சொன்னார்: "அம்மிணி, ஆமான்னு சொல்லிரு. ஃபைன் நான் கட்டிக்கறேன். உன் பேப்பர நாளைக்கு, திங்கக்கிழமையே ஃபைல் பண்ணிர்றேன். சத்தியமா."

உங்களிடம் ஏன் மறைக்க வேண்டும்? ஆமாம் என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். விசாவில் இருப்பவள் போலீஸ் தாளில் பேர் கொடுத்தால் பிறகு என்னவெல்லாம் ஆகும் என்று தெரியும். ஆனால் திங்கட்கிழமை என்ற சொல் கண்ணைக் கட்டிவிட்டது. அப்போது பின்னாலிருந்து ஒரு குரல். சாய்ராம் அண்ணன். கூட்டங்களில் தலையாட்டுவதைத் தவிர வேறெதுவும் செய்து நான் பார்த்திராத மனிதர்.

"நோ ஆபீசர். ஹவுஸ் ஹிஸ். கவ் ஹி புக்டு. ட்ரோன் ஆல்ஸோ ஹிஸ். திஸ் கேர்ள் ஒன்லி ஹோல்டிங் ரோப்."

மாமா முகம் கறுத்தது. "சாய்ராம், நீங்க உங்க வேலையப் பாருங்க."

"பாத்துனுதான் இருக்கேன் சபரி." அண்ணன் என் பக்கம் திரும்பினார். "அதே திங்கக்கிழமைய எனக்கும் சொன்னாரும்மா. அப்போ என் பொண்ணு டேகேர் போய்னு இருந்தா. இப்போ காலேஜுக்கு அப்ளை பண்றா. நீ ஒண்ணும் சொல்லாத. சும்மா உக்காரு."

நான் சும்மா உட்காரவில்லை. எழுந்து, "ஹி இஸ் ரைட், ஆபீசர்" என்றேன். இட்லித் தட்டோடு வந்து பிரீத்தியும் அதையே சொன்னாள். டெபியும் சொன்னார். கடைசியில் ஓவியாவே, "இட்ஸ் அவர் கவ், டாட். ஃபார் டுடே" என்றாள். போலீஸ்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு மாமா பெயரில் ஓர் அபராதத் தாளைக் கிழித்துக் கொடுத்தார். போகும்போது மேபலோடு ஒரு படம் எடுத்துக்கொண்டார். பக்கத்து வீட்டுத் தாத்தாவுக்கு மாமா வீட்டுப் பாயசம் ஒரு பாத்திரம் நிறையப் போனது. நாங்கள் எல்லாரும் புல்லில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டோம். அண்ணனுக்கு நான் பரிமாறினேன்.

மறுநாளே மருத்துவமனைக்குச் சரி என்று சொல்லிவிட்டேன். என் பேப்பரை முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்தான். ஆரம்பிப்பதாக அவர்கள் எழுத்தில் கொடுத்திருக்கிறார்கள், சத்தியம் செய்யவில்லை. அந்த அலுவலகச் சுவரில் ஒரு கடிகாரத்தைத் தவிர வேறெதுவும் இல்லை. அண்ணனும் அங்கே நேர்காணல் முடித்திருக்கிறார். நன்றாகச் செய்ததாக அவரே சொல்கிறார், அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை.

ஆகவே மகிழன் தன் கையாலேயே நாலு இடத்துக்கு அப்ளை பண்ணட்டும். கிடைக்கும்வரை என் வீட்டு சோபா இருக்கிறது. யார் மகன், எந்த ஊர், எந்தப் பக்கம் என்று முதல் கேள்வியாகக் கேட்கும் இடத்தில் மட்டும் வேண்டாம். சபரி மாமாவிடம் பேசிச் சமாதானம் செய்து வைக்கிறேன் என்று தாங்கள் கிளம்பவும் வேண்டாம். அவரோடு எனக்கு இனி எந்த ஷிப்பும் இல்லை. மாட்டு முகத்திலும் விழிப்பதாக இல்லை.

பெரியம்மாவுக்கு என் அன்பு. மாத்திரை! தங்கள் ஆசி என்றும் வேண்டும், இந்தக் கடிதத்தைப் படித்து முடித்த பிறகும்.

தங்கள் மகள் போன்ற,
யாமினி

பி.கு.: உறையை ஒட்டப் போனபோது போன் அடித்தது. சபரி மாமா அந்த ட்ரோன் வீடியோவை, நான் புல்லில் உருள்வதோடு சேர்த்தே, 'ஓடிய பசு எனக்குக் கற்றுத்தந்த லீடர்ஷிப்' என்று தலைப்புக் கொடுத்து இணையத்தில் ஏற்றியிருக்கிறார். ஊரே பாராட்டுகிறது. முதல் பாராட்டு தங்களுடையது: "பெருமையா இருக்குது மாப்ளே! நம்ம ஆளு! மகிழனுக்கு டிக்கெட் போட்டாச்சு." சரி, வரட்டும் பெரியப்பா. கேன்சல் பண்ணாதீர்கள், காசு திரும்பி வராது. நெவார்க் விமான நிலையத்துக்கு நானும் சாய்ராம் அண்ணனுமே காரோடு வருகிறோம். மாமாவின் ஆபீசில் கால் வைக்கும் முன்னால் அவனை நேராக டெபியின் பண்ணைக்குக் கூட்டிப்போய், மேபலின் கயிற்றைக் கொஞ்ச நேரம் பிடித்துப் பார்க்கச் சொல்லப் போகிறேன். புத்திசாலிப் பையன். புரிந்துகொள்வான்.