ஏர்போர்ட்டின் எண்ணெய்ப் பை

ஆம்பூரில் இதுவரை பிறந்தவர்கள், இனிமேல் பிறக்கப்போகிறவர்கள் எல்லோரையும் ஒரு மைதானத்தில் நிறுத்தி, இதில் பெரிய பயந்தாங்கொள்ளி யார் என்று கேட்டால், எங்கள் தெரு ஏர்போர்ட்டுதான் முதலில் கையைத் தூக்குவார். அப்போதும் மேலே கரண்டு கம்பி போகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் தூக்குவார்.

ஏர்போர்ட்டு என்பது தெரு வைத்த பெயர்; அவருடைய சொந்தப் பெயர் போஸ்ட்மேனுக்கு மட்டும்தான் தெரியும். தோல் பதனிடும் ஷாப்பு ஒன்றில் முப்பது வருஷம் பாய்லர் பார்த்தவர். "பயந்துக்கினே இருக்கறதுக்குத்தான்கா எனக்குச் சம்பளம் குடுத்தாங்க. பயப்படாத பாய்லர்காரன் ஒரு நாள்தான் வேலை செய்வான்" என்பார். ஷாப்பை மூடியபோது எல்லாவற்றையும் அங்கேயே விட்டுவிட்டு, பயத்தை மட்டும் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு வந்தார்.

எதுவாக இருந்தாலும் அவருக்கு இன்னொன்று ஸ்பேர் வேண்டும். டார்ச் இரண்டு, குடை இரண்டு. கையில் ஒரு கடிகாரம், சட்டைப் பையில் ஒன்று. "அந்த ஆளுக்குப் பல்செட்டே ரெண்டு இருக்குதுடி" என்று ஷமீம் சத்தியம் செய்வாள். ஷமீம் என்னோடு ஷூ கம்பெனியில் வேலை பார்த்தவள், இப்போது எதிர்வீடு.

தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு என் வீட்டு வாசலில் வந்து நிற்பார்.

"அக்கா, சிலிண்டர் மூடியாச்சா?"

"ஆச்சு, ஆச்சு."

திரும்பிக்கூடப் பார்க்காமல் சொல்வேன். என் வீட்டு சிலிண்டரைப் பற்றி என்னையே கேட்க இவர் யார் என்று எரிச்சல் வரும். எழுந்து போய்ப் பார்த்ததே இல்லை.

இப்படிப்பட்டவர் எட்டு வருஷம் உட்கார்ந்து ஒரு ஜெட் விமானம் செய்தார் என்றால் நம்புவீர்களா? பொம்மை என்று சொன்னால் கோபம் வரும் அவருக்கு. கட்டில் நீளம் இருக்கும். வயிற்றுக்குள் சொம்பு அளவில் ஒரு என்ஜின். அது கெரசின் குடித்து, நெருப்பை ஊதித் தள்ளி, அந்த வேகத்தில் பறக்கும். கையில் ரிமோட்டை வைத்துக்கொண்டு தரையிலிருந்தே ஓட்டலாம். முதல்முறை கொல்லையில் அந்த என்ஜினை ஓட்டிப் பார்த்த அன்றைக்குப் போன தெரு நாய்கள், மூன்று நாள் பேரணாம்பட்டு ரோட்டிலேயே குடியிருந்தன. காதைப் பொத்திக்கொண்டு ஓடிவந்தாள் ஷமீம்.

"இன்னாங்க ஏர்போர்ட்டு, பாய்லரையும் வீட்டுக்கே கூட்டியாந்துட்டீங்களா?"

நானும் கேட்டேன். "இவ்ளோ பயப்படற ஆளு, இந்த வம்பு உங்களுக்கு எதுக்கு தம்பி?"

"முப்பது வருஷம் அந்த நெருப்பை இரும்புக்குள்ள அடைச்சு வெச்சுக் காவல் காத்தேன்கா. ஒரு வாட்டியாவது அது பறக்கறதப் பாக்கணும்" என்றார். சொல்லும்போதே, தீ அணைக்க வைத்திருந்த இரண்டு மணல் வாளிகளையும் கிட்டே இழுத்து வைத்துக்கொண்டார்.

அந்த விமானத்தில் அவர் அதிகமாகப் பயந்தது எண்ணெய்ப் பைக்குத்தான். கெரசின் ஊற்ற விமானத்துக்குள் கெட்டியான டப்பா வைக்கக்கூடாதாம். எண்ணெய் குறையக் குறைய டப்பாவுக்குள் காற்று புகும், ஒரு காற்றுக் குமிழி போனாலும் மேலே பறக்கும்போது என்ஜின் அணைந்துவிடும். அதனால் ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்றும் பை மாதிரி ஒரு மெத்தென்ற பை. எண்ணெய் இறங்க இறங்க அதுவும் கூடவே சுருங்கும், காற்றுக்கு இடமே இருக்காது. ஆனால் மெத்தென்று இருப்பதற்கே உரிய கஷ்டமும் அதற்கு உண்டு. ஸ்க்ரூ முனை உரசினால் ஓட்டை. அளவுக்கு மேல் ரொப்பினால் மூலை பிரியும். ஒழுகுகிற கெரசின், சிவக்கக் காய்ந்த என்ஜின் மேல்தான் போய் விழும்.

அந்த நேரம் பார்த்து ஓசூரிலிருந்து அவருடைய மகள் போன் செய்தாள். மாசக் கடைசிக்குள் வீட்டைக் காலி செய்துவிட்டு வந்துவிட வேண்டும், பிளாட்டில் கெரசின் கூடாது, விமானமும் கூடாது. ஏர்போர்ட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குறித்தார். எட்டு வருஷ வேலைக்கு ஒரே ஒரு பறத்தல்.

அதற்கு முந்தின திங்கட்கிழமை வெளிறிப்போய் வந்து நின்றார். பையில் ஊசிமுனை அளவு ஓட்டை. எல்லா ஸ்க்ரூவையும் அரத்தால் ராவியவர், ஒன்றை விட்டுவிட்டாராம்.

"ஸ்பேர் பை இருக்குதில்ல தம்பி?"

"இருக்குதுக்கா. அதை எடுத்து மாட்டிட்டா அப்புறம் ஸ்பேர் எங்க இருக்குது? ஸ்பேர் இல்லாம நான் பறக்க விடமாட்டேன். நீங்க ஒட்டினா பிரியாதுன்னு ஊரே சொல்லுது."

ஊர் சொன்னது பொய் இல்லை. ஷூ கம்பெனியில் இருபத்தெட்டு வருஷம் ஒட்டுகிற வேலை பார்த்தவள் நான். என் கை பட்ட ஒரு ஜோடிகூட ரிஜெக்ஷன் என்று திரும்பி வந்தது கிடையாது. சொல்யூஷன் டின்னில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு நாளும் படித்ததில்லை. பசை பதம் வந்ததா என்று என் விரலே சொல்லிவிடும். ஓட்டைமேல் சுற்றிலும் சொல்யூஷன் பூசி, ஊதிக் காயவைத்து, வட்டமாக ஒரு துண்டு வைத்து அழுத்தினேன். மனசு கேட்கவில்லை. இன்னொரு ஸ்க்ரூ உரசாமல் இருக்கட்டும் என்று, மெல்லிசான லைனிங் தோலில் ஓர் உறையும் தைத்துப் போட்டேன். ஏர்போர்ட்டு அதை இரண்டு கையாலும் ஏந்தி, வழியில் உள்ள ஒவ்வொரு கல்லையும் பார்த்துப் பார்த்து நடந்து போனார்.

வெள்ளிக்கிழமை ஷமீமின் செருப்பு வார் பிய்ந்துபோனது. ஒட்டிக் கொடுத்தேன். விரலெல்லாம் சொல்யூஷன். ரேஷனில் கெரசின் நின்றுபோன பிறகு, ஏர்போர்ட்டுதான் எனக்கு ஒரு சின்ன பாட்டிலில் தருவார். மூன்று பக்கமும் சிவப்பு மையில் 'தீ' என்று எழுதியிருக்கும். துணியில் இரண்டு சொட்டு விட்டு விரலைத் தேய்த்தேன். பசை இளகி, திரி திரியாக உருண்டு வந்தது.

என் கை அப்படியே நின்றுவிட்டது.

இருபத்தெட்டு வருஷம், வேலை முடிந்து கெரசின் தொட்டுத்தான் இந்தப் பசையைக் கழுவினேன். அதே பசையால் ஒட்டி, கெரசின் ஊற்றுகிற பையைக் கொடுத்திருக்கிறேன்.

"இன்னாடி, மூஞ்சி ஒரு மாதிரி ஆயிட்ச்சு?" என்றாள் ஷமீம்.

"ஒண்ணுமில்ல. வெயிலு."

அன்று சாப்பாடு இறங்கவில்லை. கண்ணை மூடினால் அந்த வட்டத் துண்டு விளிம்பில் மெல்ல மெல்லத் தூக்கிக்கொண்டு வருகிறது. சொட்டு விழுகிறது, என்ஜின் பற்றிக்கொள்கிறது, விமானம் நெருப்போடு ஜனங்கள் தலைமேல் வந்து விழுகிறது. போய்ச் சொல்லிவிட வேண்டியதுதானே என்பீர்கள். சொல்லலாம். ஆனால் 'என் ஒட்டு நிற்காது' என்ற வார்த்தை என் வாயிலிருந்து வந்து பழக்கமில்லை.

சனிக்கிழமை மூன்று தடவை அவர் வீட்டுக்குப் போனேன். முதலில் கருவேப்பிலை கேட்டேன். இரண்டாவது தடவை மணி கேட்டேன். இரண்டு கடிகாரத்தையும் பார்த்து, ஆளுக்கு ஒரு மணியாக இரண்டு விதமாகச் சொன்னார். மூன்றாவது தடவை சும்மாவே நின்றேன். அவரும் ஒரு மாதிரியாகத்தான் இருந்தார்.

"அக்கா... வந்து... உங்ககிட்ட ஒண்ணு..."

"இன்னா தம்பி?"

சட்டென்று பேச்சை மாற்றினார். "சிலிண்டர் மூடியாச்சா?"

"மணி பதினொண்ணு. அடுப்புல சோறு வேகுது. எப்படி மூடறது?"

திரும்பி வந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பாலாற்று ஓரம், மூடிக்கிடக்கும் அதே ஷாப்புக்கு லாரி போகும் சிமெண்ட் ரோடு. தெருவே வந்துவிட்டது. ஏர்போர்ட்டு சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டு எல்லோரையும் பின்னால் நிறுத்தினார். வாளி வாளியாக மணல், தீ அணைக்கிற சிவப்பு சிலிண்டர் இரண்டு. ஒரு காகிதத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்துச் சரிபார்த்தார்.

"இவ்ளோ நேரத்துல ஒரு கல்யாணமே முடிஞ்சு பந்தியும் முடிஞ்சிருக்கும்" என்றாள் ஷமீம். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

என்ஜின் சீட்டி அடிக்க ஆரம்பித்தது. சீட்டி ஏறியது, அலறலானது. விமானத்தின் பின்னால் காற்று நடுங்கியது. என் கால் கோட்டைத் தாண்டிவிட்டது. நான் தாண்டச் சொல்லவில்லை, அதுவாகவே போனது.

"அக்கா! கோட்டைத் தாண்டாதீங்க!"

சத்தம் சட்டென்று அடங்கியது. பாய்லர்காரர் கை, நிறுத்துவதற்கு யோசிக்கவே யோசிக்காது.

"விடாதீங்க தம்பி!" என்று கத்தினேன். "என் ஒட்டு நிக்காது. கெரசின்ல அந்தப் பசை கரைஞ்சிடும். தெரியாம ஒட்டிட்டேன். எடுத்துடுங்க!"

ஊரே கேட்டது. பாலாற்று மணல்கூடக் கேட்டிருக்கும்.

ஷமீம்தான் முதலில் வாயைத் திறந்தாள். "அல்லாவே! மகாராணிக்கு முதல் ரிஜெக்ஷன்!"

ஏர்போர்ட்டு விமானத்தின் முதுகு மூடியைக் கழற்றினார். என் லைனிங் தோல் உறை தெரிந்தது. அதை லேசாக விலக்கிக் காட்டினார். உள்ளே இருந்தது வேறு பை. புதுசு.

"தெரியும்க்கா. திங்கக்கிழமையே ரொப்பி, கீழ வெள்ளைத் துணி விரிச்சுத் தொங்கவிட்டேன். மறுநாள் மத்தியானம் சொட்டுச்சு. வேற பை மாட்டிட்டேன். உறை மட்டும் உங்களுது. இது இருக்கறதாலதான் எந்த ஸ்க்ரூவும் உரசாது."

"தெரிஞ்சும் ஏன் சொல்லல? மூணு நாளா நான் சோறு தின்னல!"

தலையைச் சொறிந்தார். "சொன்னா உங்க மூஞ்சி இன்னா ஆகும்னு பயந்துட்டேன்."

"அப்ப இது அந்த ஸ்பேர் பையா?"

"ஆமாங்க்கா."

"இதுக்கு ஸ்பேர்?"

"இல்ல" என்றார். இரண்டு கையையும் நீட்டிக் காட்டினார். வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தன. "அதான் இப்பிடி."

ஸ்பேர் இல்லாமல் அந்த மனிதர் வாழ்க்கையில் செய்த ஒரே காரியம் அதுதான். என்னைக் கோட்டுக்குப் பின்னால் கொண்டுபோய் விட்டுவிட்டு, காகிதத்தை மறுபடி முதலிலிருந்து படித்தார். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. சிமெண்ட் ரோட்டில் ஓடி, ஷாப்பு மதிலுக்கு ஒரு முழம் மேலே எழும்பியது விமானம். பாய்லர் புகைபோக்கியை மூன்று தடவை சுற்றியது. நான் வானத்தைப் பார்க்கவில்லை. அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். இறங்கி நின்ற பிறகுதான் நடுக்கம் நின்றது. உடனே ஓடிப்போய் மூடியைக் கழற்றி, உறையைத் தடவிப் பார்த்து, "ஒரு சொட்டு இல்லக்கா!" என்று அங்கிருந்தே கத்தினார்.

மாசக் கடைசியில் ஓசூர் போய்விட்டார். அந்த உறையையும் எடுத்துக்கொண்டு போனதாக ஷமீம் சொன்னாள்.

இப்போதும் சாயங்காலம் ஆறு மணிக்கு போன் வரும்.

"அக்கா, சிலிண்டர் மூடியாச்சா?"

மூடித்தான் இருக்கும், எனக்குத் தெரியும். இருந்தாலும் "இருங்க தம்பி, பாத்துட்டு வர்றேன்" என்று எழுந்து போகிறேன். வால்வைத் திருகிப் பார்த்து, திரும்பி வந்து சொல்கிறவரைக்கும், அந்தப் பக்கம் அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார்.