முருகன் பக்கத்து வீட்டுக்குக் குடிபோன கதை

மூன்று வீடியோ பார்த்தவன் கையில் உளியைக் கொடுக்கவே கூடாது. நான் நான்கு பார்த்திருந்தேன்.

ஏ.எஸ்.ராவ் நகரில் எங்கள் ஃபிளாட்டின் சமையலறை டைல்ஸை மாற்ற முடிவானது. பழையதைப் பெயர்க்கக் கொத்தனாரைக் கூப்பிடலாம் என்றாள் என் மனைவி சுதா. ஆபீஸில் ஒரு டீமையே கட்டி மேய்ப்பவனுக்கு (ஐந்து பேர், அதில் இருவர் எப்போதும் லீவு) நாலு டைல்ஸ் எம்மாத்திரம் என்று மார்தட்டினேன்.

"என்னமோ பண்ணுங்க. அந்த முருகன் டைல் மட்டும் கீறல் இல்லாம வரணும். ஞாயித்துக்கிழமை அப்பா வராரு."

அடுப்புக்கு மேலே பதித்திருந்த முருகன் படம் போட்ட டைல், கிரகப்பிரவேசத்துக்கு என் மாமனார் பழனியிலிருந்து ரயிலில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்தது. சாமி படம் உடைந்தால் வீட்டுக்கு ஆகாது என்பது அவர் கட்சி. என் கைபட்டு உடைந்தால் எனக்கும் ஆகாது. உண்மையிலேயே பயமாக இருந்தது.

மற்ற டைல்ஸ் எல்லாம் சுக்குநூறாக வந்தன. முருகன் மட்டும் அசையவில்லை. உளியைச் சாய்த்துப் பிடித்து ஓரத்தில் மெல்லத் தட்டுங்கள் என்று நான்கு வீடியோவிலும் சொல்லியிருந்தார்கள். முருகனுக்கு அடிபடக் கூடாதே என்ற பக்தியில், நான் டைலை விட்டுத் தள்ளி, சுற்றிலும் சுவரிலேயே உளியை நேராக நிறுத்தி ஓங்கி அடித்தேன். (சுவரோடு வெட்டி எடுத்துவிடலாம் என்று திட்டம்!) அது வெறும் நாலரை இன்ச் சுவர் என்பதும், அந்தப் பக்கம் பக்கத்து ஃபிளாட்டின் தெலுங்குக்கார லட்சுமி ஆன்ட்டியின் சமையலறை என்பதும் எந்த வீடியோவிலும் இல்லை.

தொப்பென்று ஒரு சத்தம். முருகனைக் காணோம். அவர் இருந்த இடத்தில் ஆன்ட்டியின் முகம் தெரிந்தது.

மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தால், ஆன்ட்டி கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தார். ஒட்டிய செங்கல்லோடு முருகன் அவருடைய திறந்திருந்த அரிசி டிரம்மில் விழுந்து, ஒரு கீறல்கூட இல்லாமல் சிரித்துக்கொண்டிருந்தார்.

"சுப்ரமண்ய ஸ்வாமி மா இன்டிகி ஒச்சாரு!" (எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்!)

நான் முகம் கழுவிக்கொண்டு போய் மணி அடிப்பதற்குள் மஞ்சள் குங்குமம் வைத்தாயிற்று. தயங்கித் தயங்கி முருகனைத் திருப்பிக் கேட்டேன். தானாக வந்து அரிசியில் உட்கார்ந்த சாமியை யாராவது வெளியே அனுப்புவார்களா என்று தெலுங்கில் கேட்டார். கொடுத்த குங்குமத்தை நெற்றியில் இட்டுக்கொண்டு திரும்பி வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மாமனார் ஓட்டையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"ஏன் மாப்ள, முருகனுக்கே இந்த வீட்ல இருக்கப் பிடிக்கலையா?"

ஓட்டையைக் கொத்தனார் அடைத்துவிட்டார். ஆனால் மாமனார் இன்றும் ஊரிலிருந்து வந்தால், பெட்டியோடு முதலில் ஆன்ட்டி வீட்டுக்குப் போய்க் கும்பிட்டு, காபியும் குடித்துவிட்டுத்தான் எங்கள் வீட்டுக்கு வருகிறார்.

போன வாரம் ஹாலில் கடிகாரம் மாட்டலாமென்று ஆணியையும் சுத்தியலையும் எடுத்தேன். என் மகள் உள்ளே பார்த்துக் கத்தினாள்.

"மம்மி, டாடி சுத்தியல் எடுத்துட்டாரு! ஆன்ட்டிக்கு ஃபோன் பண்ணி அரிசி டிரம்மைத் திறந்து வைக்கச் சொல்லு!"