நாலு தறி ஓடும் ஆல்பம்

எங்கள் வீட்டில் தறி எதுவும் இல்லை என்பதை முதற்கண் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன். வீட்டுக்காரர் கதிர் ரிக் லாரி டிரைவர். ஆழ்துளைக் கிணறு போட வடக்கே போனால் திரும்ப மூன்று மாசம் ஆகும். திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் இந்த வீட்டில் இருப்பது நானும், ஒன்றே கால் வயது மகள் வெண்ணிலாவும், காலேஜ் போகும் நாத்தனார் ஷாலினியும்தான்.

தலைப்பிரசவத்துக்கு ஆட்டையாம்பட்டியில் அம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். அங்கே எட்டு விசைத்தறி. வெண்ணிலா பிறந்த நாள் முதல் அந்தச் சத்தத்தில்தான் தூங்கினாள். தறி நின்றால் விழித்துக்கொள்வாள். ஏழாம் மாசம் இங்கே கூட்டி வந்தால், ஒரே அமைதி. பிள்ளை எப்படித் தூங்கும்? இரண்டு நாள் வீதியையே கத்தி எழுப்பினாள்.

மூன்றாம் நாள் ஷாலினி தன் ஸ்பீக்கரில் ஏதோ வெள்ளைக்காரப் பாட்டை அலறவிட்டாள். இரண்டாவது பாட்டுக்குள் பிள்ளை குறட்டை விட்டது.

"இதென்ன புள்ள?"

"ராக்குங்க அண்ணி. ஆல்டர்நேட்டிவ் ராக்."

"அப்படின்னா?"

"யாருக்கும் தெரியாத பாட்டு. நாலு பேருக்குத் தெரிஞ்சுபோச்சுன்னா நாங்க அதை விட்டுட்டு வேற பாட்டுக்குப் போயிருவோம்."

அன்று முதல் நானும் ரசிகை. பேர்கள் வாயில் நுழையாது. அட்டைப் படம்தான் எனக்கு அடையாளம். இந்த வருஷம் வந்ததில் குதிரைப்படம் போட்டது நல்ல ஆல்பம். டிரம் அடிக்கிறவர் சாப்பிட்டுவிட்டு வேலைக்கு வந்தவர். உடைந்த நாற்காலி போட்டதில் முதல் நாலு பாட்டு வேகம். அப்புறம் பாடுகிறவருக்குக் காதலி ஞாபகம் வந்துவிடுகிறது, பிள்ளை எழுந்துவிடுகிறாள். வெறும் வெள்ளை அட்டை போட்டதுதான் உசத்தி என்று ஷாலினி காலேஜில் பேச்சாம். நாற்பது நிமிஷத்தில் முப்பது நிமிஷம் கிடாருக்குச் சுருதி சேர்க்கிறார்கள். மீதிப் பத்து நிமிஷம் சேரவில்லையே என்று வருத்தப்படுகிறார்கள்.

இப்படி இருக்கையில், வீட்டு இணைப்பில் திருட்டுத்தனமாகத் தறி ஓட்டுவதாக என் மேல் ஒரு மொட்டை மனு போனது. மனுவில் பேர் இல்லை. பக்கத்து வீட்டுச் சென்னியம்மாள் அக்காவின் கையெழுத்து மட்டும் இருந்தது.

மின்வாரியச் சரிபார்ப்பு அலுவலர் குமாரசாமி நேரில் வந்தார். வாசலில் நின்று கண்ணை மூடிக்கொண்டார். உள்ளே குதிரைப்படம் ஓடிக்கொண்டிருந்தது.

"நாலு தறி," என்றார். "ரெண்டாவதுல நாடா தட்டுது. எண்ணெய் விட்டு நாளாச்சு போல."

"அது கிடாருங்க சார்."

"எனக்கே சொல்லித் தாரீங்களா? தறிப்பட்டறையில பொறந்து வளந்தவனுங்க நானு."

சமையல்கட்டு, குளியலறை, கட்டிலுக்கு அடி எல்லாம் பார்த்தார். பிறகு எழுதினார்: 'தறிகள் மிகுந்த திறமையுடன் மறைத்து வைக்கப்பட்டுள்ளன. சத்தத்தை மட்டும் மறைக்க இயலவில்லை.' ஏழு நாளுக்குள் தக்க விளக்கம் தராவிட்டால் மின் இணைப்பு துண்டிக்கப்படும் என்று நோட்டீசும் கொடுத்தார். சித்திரை வெயில். ஃபேன் இல்லாமல் கைப்பிள்ளையை எப்படி வைத்திருப்பது?

விளக்கத்தையும் ஸ்பீக்கரையும் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு ஆபீசுக்குப் போனேன். சாட்சிக்கு ஷாலினி, மண்டை ஓடு போட்ட கறுப்பு பனியனில். மேலதிகாரி தெய்வநாயகி அம்மா மூன்று பாட்டு பொறுமையாகக் கேட்டார்.

"இதுல பல்லவி எங்கேம்மா?"

"இருக்காதுங்க மேடம்," என்றாள் ஷாலினி பெருமையாக.

"அர்த்தம்?"

"அதுவும் இருக்காதுங்க."

"சரிங்க, கேக்கறவங்க என்னதான் பண்ணுவாங்க?"

"தலையை ஆட்டுவோமுங்க."

குமாரசாமி குறுக்கே வந்தார். "தறி ஓட்டறவனும் தலையைத்தானுங்க மேடம் ஆட்டுவான்."

அந்த நேரம் பார்த்து வெண்ணிலா என் தோளில் தூங்கிப்போனாள். நான்தான் அவசரப்பட்டுவிட்டேன். "பாருங்க மேடம், இதுக்காகத்தான் பாட்டு. தறிச் சத்தம் இல்லாட்டி எம்புள்ள தூங்காதுங்க."

தெய்வநாயகி அம்மா பேனாவைத் திறந்தார். "தறிச் சத்தம் இல்லாட்டித் தூங்காது. இப்பத் தூங்குது. அப்ப இது தறி. குழந்தை பொய் சொல்லாதும்மா."

என் வீட்டு இணைப்பு துண்டிக்கப்படவில்லை. நாலு தறி உள்ள கூடமாகக் கருணையுடன் மாற்றப்பட்டது. தறிக்கு உரிய சலுகை மின்சாரமும் வந்தது.

அது தெரிந்ததும் வீதி முழுக்க ராக் ரசனை வளர்ந்தது. நாற்பது வீட்டிலும் ஸ்பீக்கர், நாற்பது விண்ணப்பம். சென்னியம்மாள் அக்கா காதோடு கேட்டார், "ஏம்புள்ள, ஆறு தறி ஓடற ஆல்பம் ஏதாச்சும் இருக்குதா?" டீக்கடையில்கூட கறுப்பு பனியன். யார் யாருக்கோ தெரிந்துவிட்டதே என்று ஷாலினி மட்டும் ராக்கை விட்டுவிட்டாள்.

ஆடி மாசம் உத்தரவு வந்தது. எங்கள் வீதியில் நூற்று எண்பத்தாறு தறிகள் நல்ல ஓசையுடன் இயங்குவது மகிழ்ச்சிக்குரியதாம். எனவே பள்ளிச் சீருடைத் துணி தறிக்கு இருநூறு மீட்டர் வீதம் மாசக் கடைசிக்குள் ஒப்படைக்க வேண்டுமாம். தவறினால் எல்லா இணைப்பும் துண்டிப்பு.

வீதியே ஆபீசுக்கு ஓடியது. "தறி இல்லீங்க சாமி, பாட்டுங்க!"

"பாட்டுன்னா கேட்டிருப்பீங்க. கேட்டிருந்தாக் கருத்து இருக்கும்," என்றார் குமாரசாமி. "ஒவ்வொரு வீடும் ஆல்பத்தைப் பத்தித் தனித்தனியா ஒரு பக்கம் எழுதி, மூணு நகல் கொடுங்க."

அத்தனை பேரும் என் வீட்டு வாசலில் நின்றார்கள். காது கொடுத்துக் கேட்டவள் நான் ஒருத்திதானே. மூன்று நாள் உட்கார்ந்து எழுதினேன். ஒருவருக்கு டிரம் நன்று, ஒருவருக்கு இழுவை, ஒருவருக்குப் பாடகரின் தொண்டை கவலைக்கிடம். நாற்பதும் வேறு வேறு. சென்னியம்மாள் அக்காவுக்குக் குதிரைப்படத்தையே கொடுத்தேன், சாப்பிட்டுவிட்டு வந்த டிரம்காரரோடு. நாற்பத்தொன்றாவதாக என்னுடையது. இனி எதை எழுத? மனசில் உள்ளதையே எழுதினேன்.

முடிவு வந்தது. நாற்பது வீடும் இசை ரசிகர்கள் என ஏற்கப்பட்டு, வீட்டு இணைப்புக்குத் திரும்பின. என் மனு தள்ளுபடி. 'மனுதாரரின் கருத்துகள் அண்டை வீட்டார் கருத்துகளைப் பார்த்து எழுதப்பட்டவை. இவர் பாட்டுக் கேட்பவர் அல்லர் என்பது தெளிவு. எண்ணூறு மீட்டர் துணியை உடனே ஒப்படைக்கவும்.'

உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தேன். சென்னியம்மாள் அக்கா எட்டிப் படித்துப் பார்த்தார்.

"ஏம்புள்ள, கொஞ்சம் சொந்தமா யோசிச்சு எழுதியிருக்கலாமல்லோ?" என்றார்.