அழுகின கல்லோடு பெண் பார்க்கப் போனேன்

பெண் பார்க்கப் போன இடத்தில் வாயை மூடிக்கொண்டு இருப்பவனுக்குப் பாதிக் கல்யாணம் முடிந்த மாதிரி. நான் மூடவில்லை. அதனால் அன்று ஒரு வீடே மூக்கைப் பொத்திக்கொண்டது.

எழுபதுகளின் நடுவில் திருச்சியில் நிலவியல் படித்து முடித்து, பள்ளிவாசல் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வீட்டுக்குத் திரும்பியிருந்தேன். (படிப்புதான் முடிந்திருந்தது, அலட்டல் முடியவில்லை.) சாந்தன்பாறையில் ஏலக்காய் ஸ்டோரைப் பார்த்துக்கொண்டிருந்த சுடலைமுத்துவின் மகள் பேச்சியம்மாளை ஒரு கோயில் கொடையில் பார்த்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. என் நச்சரிப்புத் தாங்காமல் அம்மா பெண் கேட்டு ஆள் அனுப்பினாள். "கல்லைப் படிச்சவனுக்கா? கல்லு சோறு போடுமா?" என்று பதில் வந்தது. ரொம்ப நாள் கழித்து, "சரி, வந்து மூஞ்சியைக் காட்டட்டும்" என்று சுடலைமுத்து மனமிறங்கினார்.

நான் மூஞ்சியோடு நிறுத்திக்கொள்ளவில்லை. அரியலூர்ப் பக்கம் எடுத்த ஓர் உருண்டைக் கல்லை, மஞ்சள் பையில் தேங்காய்க்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டேன்.

"அது எதுக்குலே?" என்றாள் அம்மா.

"பேசாம வாம்மா. அசந்துபோவாங்க பாரு."

அவர்கள் வீட்டில் போய் உட்கார்ந்தபோது வெளியே சாரல். கதவு, ஜன்னல் எல்லாம் அடைத்திருந்தது. காபி வந்தது. பேச்சி உள்வாசலில் நின்றாள். "கல்லுல அப்படி என்ன தம்பி இருக்கு, மூணு வருசம் உக்காந்து படிக்க?" என்று கேட்டார் சுடலைமுத்து.

இதற்குத்தானே காத்திருந்தேன்! "மாமா, அரியலூர்ப் பக்கம் ஒரு காலத்துல கடலு. சிப்பி, நண்டு ஏதாவது செத்துச் சேத்துல விழும். அது அழுக அழுக, சேத்துத் தண்ணியில இருக்கிற சுண்ணாம்பு சுத்திலும் இறுகி உருண்டையா மூடிக்கிடும். பெறகு காத்து உள்ள போகாது, உள்ள இருக்கிறது வெளிய வராது. உடைச்சா அப்படியே இருக்கும்!"

சுத்தியல் கேட்டு வாங்கி, நடுவீட்டிலேயே உடைத்தேன். மூன்றாவது அடியில் பிளந்தது. சிப்பியும் இல்லை, நண்டும் இல்லை. நடுவில் கறுப்பாக ஒரு திட்டு. அதிலிருந்து கிளம்பியது பாருங்கள் ஒரு நாற்றம், ஐயோ! அசல் கூமுட்டை நாற்றம்.

எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள். (கல்லை ஒருவரும் சந்தேகப்படவில்லை.) அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"கல்லுதான்... சத்தியமா கல்லுதான் மாமா!" என்று உளறினேன்.

சுடலைமுத்து எழுந்துவிட்டார். "நல்ல காரியத்துல தேங்கா அழுகியிருந்தாலே எந்திரிச்சுப் போயிருவோம். நீரு கல்லையே அழுகலாப் பாத்துக் கொண்டாந்திருக்கீரே!"

போச்சு, எல்லாம் போச்சு. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அப்போது பேச்சி வந்து கல்லின் ஒரு பாதியை எடுத்தாள். மூக்கருகே கொண்டுபோனாள். முகம் சுளிக்கவில்லை.

"எத்தன வருசத்து நாத்தம் இது?"

"ப... பத்துக் கோடி இருக்கும்."

அவள் அப்பாவைப் பார்த்தாள். "யப்பா, நம்ம ஏலக்காயைப் பொத்திப் பொத்தி வச்சாலும் அடுத்த மழைக்குள்ள வாசம் போயிருது. இது அம்புட்டு வருசமும் விடாமப் பிடிச்சு வச்சிருக்கே!"

சுடலைமுத்து, வாசத்தைக் காப்பதையே பிழைப்பாகக் கொண்ட மனிதர். கல்லை வாங்கி, ஏலக்காய்க்குத் தரம் பார்க்கிற அதே பக்குவத்தில் மோந்தார். திருப்பித் திருப்பி மோந்தார். பிறகு உட்கார்ந்துவிட்டார்.

"ஏ மாப்ள, அது எப்படி மூடுச்சுன்னு இன்னொரு தரம் சொல்லும்."

தம்பி மாப்பிள்ளை ஆனதை அம்மாதான் முதலில் கவனித்தாள். நான் சுண்ணாம்பில் மும்முரமாக இருந்தேன்.

அந்தக் கல்லின் ஒரு பாதியை மாமா கடைசிவரை ஸ்டோரில் வைத்திருந்தார். மறு பாதி எங்கள் அலமாரியில் இருக்கிறது. வீட்டில் எங்கே கெட்ட வாடை அடித்தாலும், பேரப்பிள்ளைகள் நேரே என்னிடம்தான் வருவார்கள்: "தாத்தா, கல்லு உடைச்சீங்களா?"

"அவரை ஏசாதீங்கலே" என்பாள் பேச்சி. "அந்த நாத்தத்துலதான் நான் மயங்குனேன்."